பாட்டு மிஸ் எப்ப பாட்டு கேக்கறது?

"என்ன வேலை பாக்கறீங்க?"ன்னு யாராவது புதுசா கேட்டா எனக்குக் கொஞ்சம் பயம்தான். "இசை சிகிச்சையாளர்"னு சொன்ன உடனே வர்ற கேள்வி ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும். ஒண்ணு, "அப்படியா! சுகருக்கு எந்த ராகம் கேக்கணும்?" இன்னொண்ணு, "பாட்டுப் பாடறதுக்கே சம்பளமா? கொடுத்து வெச்சவங்க!"

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம். சுகருக்கு ராகம் கிடையாதுங்க. மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்க, சாயங்காலம் நடங்க. நடக்கறப்ப பிடிச்ச பாட்டைக் கேளுங்க, அது என்ன ராகமா இருந்தாலும் பரவாயில்லை.

ரெண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமா எழுத வேண்டியிருக்கு. பிடிச்ச வேலையைப் பண்றவங்களுக்குக் களைப்பே வராது, அப்படியே வந்தாலும் வெளிய சொல்லக்கூடாதுங்கற எண்ணம் அதுல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. பக்கத்து வீட்டு மாமி அப்படி நினைச்சா ஒண்ணும் குடி முழுகிடாது. எங்களுக்கு வேலை குடுக்கறவங்களும் அப்படியே நினைக்கறாங்களே, அங்கதான் சிக்கல்.

நான் சொல்ல வர்றது இதுதான். இந்த வேலையில சந்தோஷம்ங்கறது, வேலை முடிஞ்சப்புறம் கிடைச்சா கிடைக்கட்டும்னு விடற தீபாவளி போனஸ் இல்லை. அது வாத்தியத்துக்கு சுருதி மாதிரி. சுருதி சேக்கற நேரத்தையும் வேலை நேரமாத்தான் எண்ணணும்.

முதல்ல, நான் என்ன பண்றேன்னு கொஞ்சம் சொல்லிடறேன். சென்னையில மூணு இடத்துல வேலை. காலையில சிறப்புக் குழந்தைகள் பள்ளி. மதியத்துக்கு மேல பக்கவாதம் வந்தவங்களுக்கான ஒரு மறுவாழ்வு மையம். வாரத்துல ரெண்டு நாள் ஒரு முதியோர் இல்லம். தோள்ல ஒரு பெரிய பை. அதுக்குள்ள சுருதிப் பெட்டி, கஞ்சிரா, ரெண்டு ஜோடி ஜால்ரா, சலங்கை, கிலுகிலுப்பைகள், ஒரு குட்டி கீபோர்டு. பஸ்ல ஏறினா எல்லாம் சேர்ந்து சத்தம் போடும், கண்டக்டர் திரும்பிப் பாப்பார். பள்ளியில எனக்குப் பேரு "பாட்டு மிஸ்".

நிறைய பேர் நினைக்கற மாதிரி நான் சிடி போட்டுட்டு உக்காந்திருக்கறதில்லை. கச்சேரியும் பண்றதில்லை. எங்க தொழில்ல "ஐசோ கொள்கை"ன்னு ஒண்ணு உண்டு. 1940-களில் அமெரிக்காவில் ஐரா ஆல்ட்ஷுலர் என்ற மனநல மருத்துவர் முன்வைத்தது. எதிரே இருக்கறவர் எந்த மனநிலையில இருக்காரோ, அதே மனநிலைக்குப் பொருந்தற இசையில ஆரம்பிக்கணும். அப்புறம் மெல்ல மெல்ல வேகத்தையோ சத்தத்தையோ மாத்தி, அவரைக் கூடவே கூட்டிட்டுப் போகணும்.

ஒரு பையன் அறைக்குள்ள வந்ததும் சுவத்துக்கு சுவர் ஓடறான், கத்தறான்னு வெச்சுக்கோங்க. அவன்கிட்ட போய் தாலாட்டு பாடினா ஒண்ணும் நடக்காது. அவன் காலடிக்கு ஏத்த மாதிரி கஞ்சிராவைத் தட்டணும். அவன் ஓடினா வேகமா, நின்னா நிறுத்தி. கொஞ்ச நேரத்துல அவனுக்கு ஒரு சந்தேகம் வரும். ஒரு காலை எடுத்து வைப்பான், ஒரு தட்டு. ரெண்டு காலடி, ரெண்டு தட்டு. திரும்பி என்னைப் பாப்பான். அந்தப் பார்வைக்குத்தான் இத்தனை பாடும். "ஓஹோ, நான் பண்றதைத்தான் இவங்க வாசிக்கறாங்களா!"ன்னு அவனுக்குப் புரியற அந்த ஒரு நொடியில, ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சே இல்லாம ஒரு பேச்சு ஆரம்பிச்சுடும்.

கேக்க நல்லா இருக்கு இல்ல? ஆனா இதுக்கு ஒரு செலவு இருக்கு. அவன் பதட்டத்துல இருந்து அவனை வெளிய கொண்டு வரணும்னா முதல்ல நான் அந்தப் பதட்டத்துக்குள்ள போகணும். அடுத்து வர்ற பெரியவர் அழுதுக்கிட்டு வந்தா அந்த அழுகைக்குள்ள போகணும். ஒரு நாளைக்கு எட்டு பேர்னா எட்டு தடவை உள்ள போய் எட்டு தடவை வெளிய வரணும். எங்க களைப்பு பெரும்பாலும் தொண்டையிலயோ விரல்லயோ வர்றது இல்லை, இங்கதான் வருது.

இப்ப ஒரு சின்ன கணக்கு. காகிதத்துல "செஷன் 45 நிமிஷம்"னு இருக்கும். நிஜத்துல என்ன ஆகுதுன்னு பாருங்க. அறையைத் தயார் பண்ணி சுருதி சேக்க 10 நிமிஷம். செஷன் 45. எல்லாக் கருவியையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க 10 (குழந்தைங்க கிலுகிலுப்பையை வாயில வைக்காம இருக்குமா?). குறிப்பு எழுத 15. வெளிய காத்திருக்கற அம்மாகிட்டயோ பொண்டாட்டிகிட்டயோ பேச 10. அடுத்த தடவை என்ன பண்ணலாம்னு யோசிக்க 10. மொத்தம் 100 நிமிஷம். அஞ்சு செஷன்னா 500 நிமிஷம், அதாவது 8 மணி 20 நிமிஷம். எட்டு செஷன்னா 13 மணி 20 நிமிஷம்!

ஆனா நான் வேலை பார்த்த ஒரு மையத்துல அட்டவணை போடறப்ப எட்டுதான் போட்டாங்க. "முக்கால் மணி நேரம்தானே மேடம், எட்டு போட்டா ஆறு மணி நேரம்தானே வருது, மிச்ச நேரம் சும்மாதானே இருப்பீங்க?"ன்னு கேட்டாங்க. சும்மா! அந்த வார்த்தையைக் கேட்டா இன்னிக்கும் எனக்குச் சிரிப்பு வருது (அன்னிக்கு வரலை).

எட்டு போட்டா எது அடிபடும்? காகிதத்துல இருக்கற 45 அப்படியே இருக்கும். இல்லாத 55 தான் காணாமப் போகும். குறிப்பு ராத்திரி வீட்டுக்கு வரும். அம்மாகிட்ட பேசறது "நல்லா பண்ணினான்மா"ன்னு ஒத்தை வரியில முடியும். யோசிக்கற பத்து நிமிஷம் மொத்தமா போச்சு. அப்புறம் எல்லாக் குழந்தைக்கும் ஒரே பாட்டு, ஒரே வரிசை, ஒரே "வெரி குட்". வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. அதுதான் இதுல ஆபத்து.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், வேலையில் தீய்ந்து போவதைப் பற்றி ஒரு பதிவு இருக்கு. அது நோய் இல்லை, வேலை சார்ந்த நிலைன்னு தெளிவா சொல்லியிருக்காங்க. அறிகுறி மூணு: சக்தி வத்திப் போறது, செய்யற வேலை மேலயே ஒரு ஒட்டாத தன்மையோ கசப்போ வர்றது, நம்மால ஒண்ணும் ஆகலைங்கற எண்ணம். வேலை சார்ந்த நிலைன்னா, சரி பண்ண வேண்டிய இடமும் முதல்ல வேலையில்தானே இருக்கணும்? யோகா வகுப்புக்குப் போங்க, காலையில மூச்சுப் பயிற்சி பண்ணுங்கன்னு சொல்றதெல்லாம் சரிதான். அட்டவணையில எட்டை வெச்சுக்கிட்டு மூச்சுப் பயிற்சி பண்ணினா, ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கற கதைதான்.

எங்க தொழிலுக்குன்னு ஒரு தனிக் கஷ்டமும் இருக்கு. வேற வேலை பாக்கறவங்க களைச்சுப் போய் வீட்டுக்கு வந்தா ஒரு பாட்டைப் போட்டுக் கேப்பாங்க. நாங்க என்ன கேக்கறது? நல்ல பாட்டு ஒண்ணு டிவியில வந்தா, "இந்த வேகம் அந்தப் பையனுக்கு ஒத்து வருமா, இந்தச் சரணம் பெரியவருக்கு எட்டுமா"ன்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுடும். சின்ன வயசுல இருந்து ஓடிப் போய் ஒளிஞ்சுக்கற இடமா இருந்தது இசை. அதுவே ஆபீஸ் ஆயிடுச்சுன்னா ஒளிய வேற இடம் இல்லை.

கச்சேரி மேடையில இதுக்கு ரொம்ப காலமா ஒரு பதில் இருக்கு. மிருதங்கம் வாசிக்கறவர் கச்சேரிக்கு முன்னாடி ரவையைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு தொப்பிப் பக்கம் ஒட்டுவார். அது இல்லாம அந்த "கும்" சத்தம் வராது. கச்சேரி முடிஞ்சதும் முதல் வேலையா அந்த ரவையைச் சுரண்டி எடுத்துடுவார். அப்படியே விட்டா காஞ்சு போய் தோலுக்குக் கேடு. நடுவுல ரெண்டு பாட்டுக்கு இடையில கல்லை வெச்சுத் தட்டித் தட்டி சுருதி சேப்பார். சபாவுல ஐநூறு பேர் பொறுமையா காத்துக்கிட்டு இருப்பாங்க. "டிக்கெட் காசு வீணாகுது, சீக்கிரம் வாசிங்க"ன்னு ஒருத்தரும் சத்தம் போட்டு நான் பாத்ததில்லை. சுருதி சேராம வாசிச்சாத்தான் காசு வீண்னு எல்லாருக்கும் தெரியும்.

ஒரு தோல் வாத்தியத்துக்குக் குடுக்கற இந்த மரியாதையை மனுஷங்களுக்கும் குடுங்கன்னுதான் நான் கேக்கறேன்.

சரி, அப்ப சந்தோஷம் எங்க இருந்து வருது? "குழந்தை குணமாகறதைப் பாத்து வருது"ன்னு சொல்லணும்னு ஆசைதான். ஆனா அதை நம்பி உக்காந்தா சீக்கிரமே உடைஞ்சு போவோம். 2017-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒன்பது நாடுகள், ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகள், ஐந்து மாத இசை சிகிச்சை. முடிவுல, ஆட்டிசத்தின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண்ணில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லைன்னு வந்தது. எங்க ஆளுங்க நிறைய பேருக்கு அது பெரிய அடி. அப்புறம் 2022-ல் காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளை, 1165 பேரை, ஒண்ணா சேர்த்துப் பாத்தப்ப படம் கொஞ்சம் வெளிச்சமாச்சு. பொதுவான முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இசை சிகிச்சை உதவ வாய்ப்பு இருக்குன்னு வந்தது.

அஞ்சு வருஷத்துல ஒரு அடி, ஒரு தட்டிக்கொடுப்பு. மதிப்பெண் மேல என் சந்தோஷத்தைக் கட்டித் தொங்க விட்டிருந்தா 2017-ல விழுந்து 2022-ல எழுந்திருக்கணும். ஆய்வுகள் வேணும், கண்டிப்பா வேணும், எது பலன் தருது எது தரலைன்னு தெரிஞ்சாத்தான் நேர்மையா காசு வாங்க முடியும். ஆனா தினப்படி சந்தோஷம் அங்க இல்லை. அது அந்தப் பையன் திரும்பிப் பாத்த பார்வையில இருக்கு.

இன்னொரு இடத்துலயும் இருக்கு. பக்கவாதத்துல இடது மூளையில பேச்சுப் பகுதி அடிபட்டா, சிலருக்கு ஒரு வார்த்தை கூட வராது, ஆனா பழகின பாட்டு வார்த்தையோட வரும். 1745-லேயே ஸ்வீடன்ல இதை எழுதி வெச்சிருக்காங்க. 1973-ல் அமெரிக்காவில் இதை வெச்சு ஒரு பயிற்சி முறையே உருவாக்கினாங்க. சின்னச் சின்ன வாக்கியங்களை ரெண்டே சுரத்துல இழுத்துப் பாடி, இடது கையால தட்டி, கொஞ்சம் கொஞ்சமா பாட்டை எடுத்துட்டுப் பேச்சை விட்டு வைக்கறது. மூணு மாசமா வீட்டுல "ம்... ம்..."னு மட்டும் சொல்லிட்டு இருந்த மனுஷர் ஒரு நாள் "தண்ணி வேணும்"னு பாதிப் பாட்டா சொல்றப்ப, பக்கத்துல நிக்கற அவர் சம்சாரத்தோட முகத்தைப் பாக்கணும்! எல்லாருக்கும் இது நடக்காது. நடக்கற அன்னிக்கு அதைப் பாக்கற நிலைமையில நான் இருக்கணும். எட்டாவது செஷன்ல கண்ணு கடிகாரத்துல இருந்தா, அந்த "தண்ணி வேணும்" என் காதுல விழுந்தும் விழாம போயிடும்.

முதியோர் இல்லத்துல வேற மாதிரி. மறதி நோய் வந்தவங்களுக்குக் கூட பதினஞ்சுல இருந்து இருபத்தஞ்சு வயசுக்குள்ள கேட்ட பாட்டு பெரும்பாலும் கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கும். இன்னிக்கு எண்பதைத் தாண்டினவங்கன்னா, விஸ்வநாதன்-ராமமூர்த்தி 1965 வரைக்கும் சேர்ந்து போட்ட பாட்டெல்லாம் அந்தக் கணக்குல வந்துடும். பெத்த பொண்ணோட பேரை மறந்த பாட்டி சுசீலாம்மா பாட்டோட ரெண்டாவது சரணத்தை நான் தப்பாப் பாடினா "அது அப்படி இல்லடி"ன்னு திருத்துவாங்க. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்படற வேலை உலகத்துல வேற எதுவும் இருக்கான்னு தெரியலை :-)

இப்ப எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம், அது லேசான வாதம் இல்லை. "வெளிய இத்தனை குழந்தைங்க காத்துக்கிட்டு இருக்கு. அரக்கோணத்துல இருந்து விடிகாலை ரயில் பிடிச்சு ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிட்டு வர்றாங்க. அவங்ககிட்ட போய் 'அஞ்சுதான், ஆறாவது கிடையாது'ன்னு சொல்ல உனக்கு வாய் வருமா?"

வராதுங்க. ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டு சாப்பாடு இறங்காது. ஆனா அந்த ஆறாவது குழந்தைக்கு நான் என்ன குடுக்கப் போறேன்? அரக்கோணத்துல இருந்து வந்ததுக்கு ஒரு களைச்சுப் போன பொம்பளை அதே பாட்டைப் பாடி கிலுகிலுப்பையை ஆட்டறதையா? அதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாம். அதனால நான் வேற ஒரு வழி வெச்சிருக்கேன். தூரத்துல இருந்து வர்றவங்களுக்குப் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து உக்கார வெச்சு ஒரு செஷன். குளிக்க வைக்கறப்ப ஒரு பாட்டு, சட்டை போடறப்ப ஒரு பாட்டு, அவங்க வீட்டுல பாடற பாட்டாவே. எங்க நிறுத்தி அவன் முகத்தைப் பாக்கணும், எவ்வளவு நேரம் காத்திருக்கணும், இதைத்தான் சொல்லிக் குடுப்பேன். என்கிட்ட பதினஞ்சு நாளுக்கு ஒரு முக்கால் மணி. அம்மாகிட்ட தினமும் குளியல். எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க.

காசு விஷயத்தையும் மறைக்க வேண்டாம். செஷனுக்கு இவ்வளவுன்னு வாங்கறவளுக்கு எட்டு அஞ்சாகறதுன்னா வாடகையில கை வைக்கறதுதான். அதனாலதான் கட்டணத்தை 45 நிமிஷத்துக்குப் பேசாதீங்க, 100 நிமிஷத்துக்குப் பேசுங்கன்னு கூட வேலை பாக்கறவங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன். மையம் நடத்தறவங்களுக்கும் அதேதான். குறிப்பு எழுதற நேரம், துடைக்கற நேரம், அம்மாகிட்ட பேசற நேரம் எல்லாத்தையும் அட்டவணையில எழுதுங்க. எழுதாத நேரத்துக்குச் சம்பளமும் இல்லை, மரியாதையும் இல்லை.

பிரிட்டன்ல "மியூசிக் தெரபிஸ்ட்"ங்கறது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பட்டம். பதிவு இல்லாம அந்தப் பேரைப் போட்டுக்க முடியாது. அங்க மூத்தவர் ஒருத்தர்கிட்ட அப்பப்ப உக்காந்து, இந்த நோயாளியோட எனக்கு இப்படி ஆகுதுன்னு மனசு விட்டுப் பேசறதும் வேலையோட ஒரு பகுதி. நான் வேலை பார்த்த எந்த இடத்துலயும் அது இல்லை. அதனால நானும் இன்னும் ரெண்டு பேரும் சனிக்கிழமை சாயங்காலம் போன்ல பேசிக்கறோம். பேரு ஊரு எதுவும் சொல்லாம, நடந்ததை மட்டும். பாதி நேரம் அழுகை, பாதி நேரம் சிரிப்பு. அதுதான் எங்க ரவை சுரண்டல்.

எனக்குன்னு இன்னும் சில சட்டம் வெச்சிருக்கேன். ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போற பஸ்ல காதுல எதையும் மாட்டறதில்லை. ஹாரன் சத்தம், கண்டக்டர் விசில் போதும். குறிப்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்லை. வேலைக்குப் போற கருவி எதையும் வீட்டுல வாசிக்கறதில்லை.

முக்கியமான சட்டம் கடைசி. எனக்குச் சுத்தமா வராத ஒரு வாத்தியத்தைக் கத்துக்கிட்டு இருக்கேன். மவுத்ஆர்கன். இதை யாருக்கும் வைத்தியம் பண்ண எடுத்துட்டுப் போக மாட்டேன். இதுல முன்னேற்றம் எவ்வளவுன்னு யாரும் குறிப்பு எழுத மாட்டாங்க. மொட்டை மாடியில வாசிச்சா பக்கத்து வீட்டு நாய் கூடவே ஊளையிடும் (அது ரசிக்குதுன்னு நான் எடுத்துக்கறேன்). ஆனா தப்பா வாசிக்கறப்ப எனக்கு ஒண்ணு திரும்பி வருது. ஒரு சத்தம் முதல் தடவையா வர்றப்ப இருக்கற ஆச்சரியம். அந்தக் கஞ்சிராப் பையன் முகத்துல பாத்தேனே, அதே ஆச்சரியம். அது என்கிட்ட இருந்தாத்தான் அவன்கிட்ட வர்றது எனக்குத் தெரியும்.

இந்த வேலைக்கு வரணும்னு ஆசைப்படற தம்பி தங்கைகளுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். தாராளமா வாங்க, நிறைய பேர் தேவை. நேர்முகத் தேர்வுல அவங்க உங்ககிட்ட பாடச் சொல்லுவாங்க, பாடுங்க. அப்புறம் சம்பளம் எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, "ஒரு நாளைக்கு எத்தனை செஷன்?"னு கேளுங்க. அஞ்சுக்கு மேல சொன்னா அந்த நூறு நிமிஷக் கணக்கை ஒரு காகிதத்துல போட்டுக் காட்டுங்க. ஒத்துக்கிட்டாங்கன்னா நல்ல இடம், விட்டுடாதீங்க. சிரிச்சாங்கன்னா நன்றி சொல்லிட்டுப் பையை எடுத்துட்டு வந்துடுங்க.

சரிங்க, வெயில் தாழ்ந்தாச்சு. மாடிக்குப் போகணும். நாய் காத்துக்கிட்டு இருக்கும்!